ஒத்தப்பனை விலக்கில் நின்ற பாட்டு

கதவைச் சாத்தியதும் எங்கள் மூச்சு எங்களுக்கே கேட்டது.

எறால் ஏற்றும் ஐஸ் வண்டியின் கூண்டுக்குள் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சுவரெல்லாம் தெர்மாகோல் வைத்துத் தகரம் அடித்திருப்பார்கள். குளிர் வெளியே போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. வெளிச்சத்தம் உள்ளே வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டி சும்மா நின்றது. கழுவிவிட்டிருந்தும் பிளீச்சிங் பவுடர் வாசத்துக்குக் கீழே எறால் வாசம் இருந்தது. அது எங்களுக்கு வாசமாகத் தெரிவதே இல்லை.

கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியின் மேல் ஜெயக்கொடியின் போன். அதன் டார்ச் வெளிச்சத்தில் எல்லார் முகமும் கீழேயிருந்து தெரிந்தது. வெளியே எங்கள் வேன் டிரைவர் சூசை அண்ணாச்சி கதவுக் கொண்டியில் கைவைத்து நின்றார்.

"பாடுங்கத்தா. மூச்சு முட்டுனா தட்டுங்க" என்று சொல்லித்தான் சாத்தினார்.

பாடினோம். நாங்கள் பாடுவது இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேனில் பாடும்போது பாதியை எஞ்சின் தின்றுவிடும். முதல் நிறுத்தத்துப் பாட்டு முடிந்து, அடுத்தது முடிந்து, ரைஸ்மில் பாட்டும் வந்தது.

"மாவு மில்லு தாண்டினா மணக்குது நெல்லு
மாரியக்கா வரலியே டிரைவரே நில்லு."

அதோடு நிறுத்தினோம். யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை. எல்லார் வாயும் ஒன்றாக மூடியது.

மூடிய வாயை எப்போது திறப்பது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. வேனில் என்றால் வாய்க்கால் பாலத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கல் வரும். அந்தக் குலுக்கலில் மறுபடி ஆரம்பிப்போம். இங்கே பாலம் இல்லை, சாலையும் இல்லை. இருட்டுக்குள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரோ எச்சில் விழுங்கியது கேட்டது. பாட்டைப் பதிகிற போனில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

வெளியே நின்ற அண்ணாச்சி பயந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார். வெயில் கண்ணில் அடித்தது.

"என்னத்தா, மயங்கிட்டியளோன்னு நினைச்சேன். சத்தத்தையே காணோம்!"

பஸ்ஸில் இருந்து வேனுக்கு

அந்த மௌனத்தைச் சொல்வதற்கு முன் பாட்டைச் சொல்ல வேண்டும். பாட்டுக்கு முன் வேன்.

சாயர்புரம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து தூத்துக்குடி எறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள். எறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, அளவு பிரித்து, கப்பலேறுகிற மாதிரி கொடுக்கிற வேலை. தொடக்கத்தில் டவுன் பஸ்ஸில்தான் போய்வந்தோம். காலையில் போகும்போது ஒன்றும் இல்லை. சாயங்காலம் திரும்பும்போது பக்கத்தில் உட்கார ஆள் வராது. எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிற வாடை அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தும். பெரியவர்கள் பொத்தமாட்டார்கள், எழுந்து முன்னால் போய் நின்றுகொள்வார்கள். எனக்குப் பிள்ளைகளே பரவாயில்லை என்றிருக்கும். நான் எப்போதும் கடைசி சீட்டில் சன்னலோரம் உட்கார்ந்து கையைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். யாருடனும் பேசமாட்டேன். பேசினால் திரும்பிப் பார்ப்பார்களே என்றிருக்கும்.

பிறகு கம்பெனியே வேன் விட்டது. ஏறின முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தோம், பஸ் பழக்கத்தில். கொஞ்ச தூரம் போனதும் ஜெயக்கொடி கையை மூக்கருகே கொண்டுபோய் நன்றாக இழுத்து மோந்தாள்.

"ஏளா, இங்கன யாரு மூக்கப் பொத்தப் போறா? எல்லாரும் எறாலுதானே!"

வேன் குலுங்கச் சிரித்தோம். பாட்டு தொடங்கியது அந்த வாரத்திலோ அதற்கடுத்த வாரத்திலோ.

வாலைப் பிடி

பாட்டு இன்னார் கட்டியது என்று கிடையாது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு பாட்டு. அந்த நிறுத்தத்தில் ஏறுகிறவள்தான் கட்டவேண்டும், அவள்தான் பாடவேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று. முன்னால் பாடினவள் எந்தச் சொல்லில் முடித்தாளோ அந்தச் சொல்லில் அடுத்தவள் ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இதற்கு அந்தாதி என்று படித்த ஞாபகம். வேனில் அதற்கு "வாலைப் பிடி" என்று பெயர். ஒருத்தி முடித்ததும் "வாலப் பிடிளா, வாலப் பிடி" என்று கத்துவார்கள்.

ஒருத்தி லீவு போட்டால் வால் அறுந்துவிடக் கூடாது. அவளுடைய பக்கத்து சீட்டுக்காரி பாடவேண்டும். இதுவும் எப்படியோ வந்த வழக்கம்.

என் நிறுத்தத்தில் என்னோடு இன்னும் மூன்று பேர் ஏறுவதால் நான் தப்பித்தேன். அவர்கள் பாடுவார்கள், நான் கூடவே முனகுவேன். ஆனால் என் பக்கத்து சீட்டுக்காரி செல்வி லீவு போட்டால் மாட்டிக்கொள்வேன். நான் பாடினால் "வண்டு பொறந்துட்டு, சன்னல அடைங்க" என்பாள் ஜெயக்கொடி. அவ்வளவுதான் என் குரல்.

செல்வி

அவள் ஏறுவது ஒத்தப்பனை விலக்கில். ரைஸ்மில் தாண்டி, வாய்க்கால் பாலத்துக்கு முன்னால், மெயின் ரோட்டிலிருந்து ஒரு மண்சாலை பிரியும். பெயரில் இருக்கிற பனை இப்போது இல்லை. விலக்குக்கு எதிரேயே அவள் வீடு. வீட்டில் அவளும் அவள் அம்மா பேச்சியம்மாக்காவும்தான். அக்கா ஆடு வளர்த்தாள்.

செல்வி மணிக்கு முன்னால் வந்து நிற்பாள். சோறுதான் வந்து சேராது. அவள் ஏறி உட்கார்ந்த பிறகு வீட்டுக்குள்ளிருந்து "நில்லு நில்லு" என்று சத்தம் வரும். பேச்சியம்மாக்கா தூக்குச்சட்டியோடு வெறுங்காலில் ரோட்டைத் தாண்டி ஓடிவருவாள். வரும்போதே டிரைவரை ஏசிக்கொண்டு வருவாள். நிற்கிற வேனைத்தான் ஏசுவாள். சட்டியைச் சன்னல் வழியாகத் தருவாள், நான் செல்வியைத் தாண்டிக் கைநீட்டி வாங்கி மடியில் வைப்பேன். வேன் கிளம்பியும் ஏச்சு நிற்காது. அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் செல்வி தன் பாட்டை எடுப்பாள்:

"நில்லு நில்லுன்னு எங்கம்மா ஓடி வாரா
நிக்கிற வேனத்தான் நாலு ஏச்சு ஏசுதா
தூக்குச்சட்டி கையில தொண்டை மட்டும் ஊருல
ஹாரன் எதுக்கு அண்ணாச்சி எங்கம்மா இருக்கையில!"

"இருக்கையில" என்று அவள் முடிக்க, அடுத்த நிறுத்தத்துக்காரி "இருக்கையில மூணு பேரு இடிச்சுக்கிட்டு" என்று எடுப்பாள். உயிரோடு இருக்கையில என்று இவள் விட்ட சொல், உட்காருகிற இருக்கையாக மாறி அவள் வாயில் வரும். அதைக் கேட்டுச் சூசை அண்ணாச்சி ஒவ்வொரு நாளும் ஸ்டியரிங்கைத் தட்டுவார். ஒரு நாளும் அவருக்கு அலுத்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் பக்கமெல்லாம் காய்ச்சல் இருந்தது. செல்விக்கும் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் அவளும் நினைத்தாள், லீவு சொல்லிவிட்டாள். நானும் "நாளைக்கு வந்துருவா" என்று சொல்லி அவள் பாட்டை முனகினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்ட மறுநாளே முடிந்துவிட்டது. அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

கொஞ்ச நாள் வேனில் பாட்டே இல்லை. பிறகு ஒரு காலையில் யாரோ தன்னையறியாமல் எடுத்தார்கள், மற்றவர்கள் சேர்ந்தோம். ரைஸ்மில் தாண்டி "டிரைவரே நில்லு" என்று முடிந்தது. அடுத்து வரவேண்டியது அவள் பாட்டு. செத்துப்போன பிள்ளை தாயைக் கேலி செய்கிற பாட்டை, அந்தத் தாயின் வாசலிலேயே எப்படிப் பாடுவது? வாயை மூடிக்கொண்டோம். விலக்கு போயிற்று. பாலம் குலுங்கியதும் "இருக்கையில மூணு பேரு" என்று எடுத்தோம்.

மறுநாளும் அப்படித்தான். அப்படியே வருடங்கள் போய்விட்டன. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் செல்வி யாரென்றே தெரியாது. அந்த இடத்தில் வாயை மூடவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

வெட்டி ஒட்டினால் என்ன?

இந்தப் பாட்டைப் படமாக எடுத்துப் போடலாம் என்று தொடங்கியது ஜெயக்கொடி. அவள் ஸ்டேட்டஸில் துண்டாகப் போட்டதைப் பார்த்து, துபாயில் இருக்கிற அவள் தம்பி முழுப்பாட்டையும் அனுப்பச் சொன்னானாம். "வேலைக்குப் போயிட்டு வாரதப் பத்தி யாருளா பாட்டு எடுத்திருக்கா? நாம எடுப்போம்" என்றாள். ஓடுகிற வேனில் பதிந்து பார்த்தோம். எஞ்சின்தான் பாடியது. அப்போது சூசை அண்ணாச்சி சொன்ன யோசனைதான் ஐஸ் வண்டி.

கூண்டிலிருந்து இறங்கி, பதிந்ததைப் போட்டுக் கேட்டோம். நடுவில் அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது.

"இது போன் கெட்டுப்போச்சுன்னுல்லா நினைப்பாவ" என்றாள் ஒரு பிள்ளை.

"வெட்டி ஒட்டிருதேன்" என்றாள் ஜெயக்கொடி. அங்கேயே உட்கார்ந்து வெட்டினாள். போட்டாள்.

"...டிரைவரே நில்லு. இருக்கையில மூணு பேரு இடிச்சுக்கிட்டு..."

எல்லாருக்கும் முகம் மாறிவிட்டது. நில்லு எங்கே, இருக்கை எங்கே? இத்தனை வருடம் நாங்கள் வாய் மூடியிருந்த நேரத்தில் ஒவ்வொருத்திக்குள்ளும் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதனால்தான் வால் அறுந்ததே தெரியாமல் இருந்தது. வெட்டினதும் வெட்டின இடம் தெரிந்துவிட்டது.

"புதுசா ஒண்ணு கட்டுவமா?" என்றாள் அந்தப் பிள்ளை.

"அவ இடத்துல யாரு கட்டுவா? நீ கட்டுதியா?" என்றாள் ஜெயக்கொடி.

சூசை அண்ணாச்சிதான் பேசினார். "அந்தம்மாட்ட ஒரு வார்த்தை கேளுங்க. வேண்டாம்னு சொன்னா படமும் வேண்டாம், விட்ருவோம்."

பேச்சியம்மாக்கா கேட்டது

நானும் ஜெயக்கொடியும் இன்னும் ரெண்டு பேரும் போனோம். பேச்சியம்மாக்கா வேலியோரம் ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தாள். முன்னைவிட மெலிந்திருந்தாள்.

"யாரு, கனியா? வா. என்ன, பொண்ணு பாக்க வந்த மாதிரி கூட்டமா வாரிய?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

என்னை விட்டால் பேச ஆள் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வேனில் வாய் மூடாத ஜெயக்கொடி ஆட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பாட்டைப் படமாக எடுக்கிறோம் என்றேன். செல்வி பாட்டு இல்லாமல் அது சேரவில்லை என்றேன். உங்களுக்கு மனக்கஷ்டம் என்றால் விட்டுவிடுகிறோம் என்றேன்.

அக்கா அகத்திக்குழையைக் கீழே வைத்தாள்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். காலையில நீங்க ரைஸ்மில்லுகிட்ட வாரப்பவே எனக்குப் பாட்டு கேக்கும். ஆட்டுக்குத் தண்ணி வச்சிக்கிட்டே காதக் குடுத்துக்கிட்டு இருப்பேன். கிட்ட வரும், கிட்ட வரும், என் வாசலுக்கு வந்ததும் பொத்துன்னு நின்னுரும். பாலம் தாண்டுனா மறுபடி கேக்கும். ஊருக்கெல்லாம் பாடுதிய. என் வாசல்ல மட்டும் ஏன்ளா வாயப் பொத்திக்கிடுதிய?"

"மரியாதைக்குத்தான் அக்கா" என்றாள் ஜெயக்கொடி.

"மரியாத! கோயிலக் கண்டா கும்பிடுதிய. சுடுகாட்டக் கண்டா பேச்ச நிறுத்துதிய. என் வீடு எதுல சேத்தி?"

ஆடு கீழே வைத்த குழையை இழுத்துக் கடித்தது.

"எம்பிள்ள செத்தது ஒரு நாளு. நீங்க தெனமும் வந்து எழவு சொல்லிட்டுப் போறிய."

ஏசுகிற குரல் இல்லை அது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். வேனுக்குள் நாங்கள் உட்கார்ந்து காத்த அந்த மௌனம் வெளியே நிற்கிறவளுக்கு எப்படிக் கேட்கும் என்று எங்களில் ஒருத்திகூட யோசித்ததில்லை.

பிறகு அவள் குரல் தணிந்தது. "அவ என்னதான் பாடுவா? நீங்க எல்லாரும் சிரிக்கது தெரியும். நான் வெளிய நின்னு ஏசிக்கிட்டுல்லா இருப்பேன், ஒரு நாளும் முழுசாக் காதுல விழல. சாயங்காலம் வந்ததும் கேப்பேன். 'உன்னப் பத்தித்தான், சொல்லமாட்டேன்'னு சிரிச்சிட்டுப் போயிருவா. சொல்லாமலேதான் போயிட்டா."

எங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"அவ லீவு போட்டா யாருளா பாடுவா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கூட்டத்தோடு முனகுவது வேறு. நட்டநடுப் பகலில், ஒரு தாய் முகத்துக்கு நேரே, அவளைக் கேலி செய்து தனியாகப் பாடுவது வேறு. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு ஆசையாக என் வாயை யாரும் பார்த்ததில்லை.

ஆட்டைப் பார்த்துக்கொண்டு பாடினேன். "நில்லு நில்லுன்னு எங்கம்மா ஓடி வாரா." நிக்கிற வேனை ஏசுகிற வரி வந்ததும் நிறுத்திவிடலாமா என்று இருந்தது. நிறுத்தவில்லை. "ஹாரன் எதுக்கு அண்ணாச்சி, எங்கம்மா இருக்கையில" என்று முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

பேச்சியம்மாக்காவின் வாய் திறந்திருந்தது.

"அடி சவத்துமூதி! எம்புட்டுக் கொழுப்பு பாத்தியளா அவளுக்கு!"

சொன்னவள் சட்டென்று வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் தாய்மார் பிள்ளைகளை ஏசுகிற சொல் அது. சோறு சிந்தினால் சவத்துமூதி, சுணங்கி வந்தால் சவத்துமூதி. கோபம் பாதி, கொஞ்சல் பாதி. அதில் சவம் இருக்கிறது என்று யாரும் நினைப்பதே இல்லை, வீட்டில் ஒரு சவம் விழுகிறவரை. பேச்சியம்மாக்கா அந்தச் சொல்லைச் செல்வி போனதிலிருந்து வாயில் எடுக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னாள். ஆட்டுக்குட்டியைக்கூட அப்படி ஏசவில்லையாம்.

கையை மெதுவாக எடுத்தாள். மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சத்தமில்லாமல், தனக்குள்.

"சவத்துமூதி."

முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "என் தொண்ட ஊருக்கே கேக்குமாமா? அப்பிடியா கத்துதேன் நான்?"

"அதுக்கும் மேல" என்றாள் ஜெயக்கொடி. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

"படத்துல இது வரட்டும். ஆனா நான் ஓடிவாரதும் வரணும். நான் ஓடலன்னா பாட்டுக்கு என்ன அர்த்தம்?"

எடுத்த கதை

மறுபடி ஐஸ் வண்டிக்குள் உட்கார்ந்து பதிந்தோம். செல்வியின் பாட்டை நான் பாடினேன். ஜெயக்கொடி வண்டு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

படம் எடுக்கிற ஞாயிறன்று காலையில் எல்லாரும் பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவும் கைநிறைய வளையலுமாக வந்து நின்றார்கள். சூசை அண்ணாச்சி ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பெனிக்குப் போறியளா, கல்யாணத்துக்குப் போறியளா?"

வாஸ்தவம்தான். எறால் தொடுகிற கைக்கு வளையல் ஆகாது, தொப்பி போடுகிற தலைக்குப் பூ ஆகாது. பட்டோடு வந்தவர்கள் அப்படியே உட்காரட்டும் என்று விட்டோம். பூவையும் வளையலையும் கழற்றி ஒரு பையில் போட்டு அண்ணாச்சியின் சீட்டுக்கடியில் வைத்தோம். ஜெயக்கொடி போனை முன்கம்பியில் தலைமுடி ரப்பரால் இறுக்கிக் கட்டினாள். உள்ளே சின்ன ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், நாங்கள் அதற்கு வாயசைக்க வேண்டும்.

பேச்சியம்மாக்காவிடம் ஜெயக்கொடி நன்றாகச் சொல்லிவைத்திருந்தாள். சட்டி வெறுமையாக இருந்தால் போதும், மெதுவாக ஓடிவந்தால் போதும், வேன் நிற்கும். அக்காவும் தலையாட்டியிருந்தாள்.

ரைஸ்மில் தாண்டியது. பாட்டு நிற்கவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த இடத்தில் பாட்டுச் சத்தத்தோடு வேன் போகிறது. சூசை அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது போல. விலக்கில் நிறுத்தாமல் தாண்டிக் கொஞ்ச தூரம் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார்.

பேச்சியம்மாக்கா நிஜமாகவே ஓடிவர வேண்டியதாகிவிட்டது. வயசு ஏறியிருந்தது, மூச்சு வாங்கியது. ஏச்சு மட்டும் குறையவில்லை.

"ஏ சூசை! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? இத்தன வருசம் வண்டி ஓட்டுதே, என் வீடு எங்கன இருக்குன்னு தெரியாதா? எறக்கி விடுங்கடி அவன!"

சன்னல் வழியே சட்டியை நீட்டினாள். வெறும் சட்டி என்று நினைத்து நான் ஒரு கையால் வாங்கப் போனேன். கை சுட்டது. கனத்தது. ரெண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சோறா அக்கா?"

"பின்ன? வெறுஞ்சட்டியத் தூக்கிட்டு ஓடுனா எனக்குக் காலு வருமா?"

சோறும் முருங்கைக்கீரையும் பொரித்த சாளையும். உப்பளம் தாண்டிக் கடல் தெரிகிற இடத்தில் வேனை நிறுத்தி, ஆளுக்கு ஒரு கவளம் உருட்டிக்கொண்டோம். மீன் முள் உட்பட ஒன்றும் மிஞ்சவில்லை. யாரும் அதைப் படம் எடுக்கவில்லை.

வாய்

ஜெயக்கொடி ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்தாள். போட்டதும் உறவுக்காரர்கள், கம்பெனிக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. செல்வியின் பாட்டு வருகிற இடத்தில் என் முகம் இல்லவே இல்லை. சட்டி சுட்டதில் நான் வாயசைக்க மறந்து குனிந்துவிட்டேன். போன் பேச்சியம்மாக்காவைத்தான் எடுத்திருந்தது. பின்கண்ணாடி வழியே அவள் ஓடிவருவது தலைமுதல் கால்வரை தெரிந்தது. சன்னலுக்கு வெளியே அவள் முகம், வாய் படபடவென்று அசைகிறது. அவள் ஏசியது கேட்காது. பாட்டுத்தான் கேட்கும்.

பார்த்தவர்களில் பாதிப்பேர் கேட்டது ஒன்றுதான். "சன்னலுக்கு வெளிய நின்னு பாடுதாவளே, அந்தம்மா யாரு? நல்லா அனுபவிச்சுப் பாடுதாவ."

ஞாயிற்றுக்கிழமை போய் அக்காவிடம் காட்டினோம். போனைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வைத்துப் பார்த்தாள். அந்த இடம் வந்தது.

"ஏளா, நானா பாடுதேன்?"

"இல்லக்கா. நீங்க ஏசுதிய. பாட்டு நாங்க பொறவு சேத்தது."

"நான் ஏசுனது எங்க போச்சி?"

"அது கேக்காது."

மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். மூன்றாவது தடவை அவள் படத்தைப் பார்க்கவில்லை, போனைக் காதில் வைத்துக் கேட்டாள். முடிந்ததும் போனைத் துடைத்து ஜெயக்கொடியிடம் கொடுத்தாள். நாங்கள் கிளம்பலாமா என்று நினைத்தபோது சொன்னாள்.

"செருப்புப் போட்டுட்டு ஓடியிருக்கேன் பாரு. செருப்புப் போட்டுட்டு நான் என்னைக்குளா ஓடுனேன்? அவ பாத்தா சிரிப்பா. இத மாத்தி எடுங்க. நாளைக்கு வேலைக்குப் போவும்போது வாரேன், எடு."

மறுநாள் திங்கட்கிழமை. ரைஸ்மில்லில் மாரியக்கா ஏறினாள். ஸ்பீக்கர் இல்லை. நாங்களேதான் பாடினோம். "டிரைவரே நில்லு" என்று முடிந்ததும் என் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எடுத்தேன். எதிரே வீட்டுக் கதவு திறந்தது. வெறுங்காலோடு, சட்டியோடு, விலக்கில் சரியாக நிற்கிற வேனை ஏசிக்கொண்டே பேச்சியம்மாக்கா ஓடிவந்தாள். நான் நிறுத்தாமல் பாடிக்கொண்டே கையை நீட்டினேன்.

வேன் பாலத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் ஜெயக்கொடி மடியில் இருந்த போனைப் பார்த்தாள். அவளும் பாடிக்கொண்டிருந்ததில், எடுக்க மறந்துவிட்டாள்.